45 நாள் விதி இருந்தும் பணம் ஏன் அறுவடை வரை காத்திருக்கிறது? டெல்டாவின் சிறு சாஃப்ட்வேர் தொழில்கள் பற்றி ஒரு விளக்கம்

சிறு நிறுவனத்திடம் வாங்கிய சேவைக்கு 45 நாளுக்குள் பணம் தராவிட்டால், வாங்கியவருக்கு வருமான வரியில் இடிக்கும். 2023-24 கணக்கு ஆண்டிலிருந்து நடப்பில் இருக்கும் விதி இது. தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர், மயிலாடுதுறை பக்கம் பில்லிங் சாஃப்ட்வேர் எழுதி விற்பவர்களுக்கும், பள்ளிகளுக்குச் செயலி செய்து தருபவர்களுக்கும் இது நல்ல செய்தியாக இருந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. பாக்கி அப்படியே நிற்கிறது. போதாக்குறைக்கு, சிறு நிறுவனம் என்பதற்கான அரசுப் பதிவான உத்யத்தைக் குறிப்பிட்டு, "உத்யம் பதிவு இருக்கிறதா? அப்படியானால் உங்களுக்கு வேலை தருவதில் சிக்கல்" என்று சில வாடிக்கையாளர்களின் ஆடிட்டர்கள் சொல்லவும் ஆரம்பித்தார்கள்.

குழப்பத்தின் வேர் ஒன்றுதான். 45 நாள் விதியும் சரி, ஜிஎஸ்டியும் சரி, வாங்குபவர் என்றால் வருமான வரியும் ஜிஎஸ்டியும் முழுமையாகக் கட்டும் ஒரு கம்பெனி என்று எண்ணி எழுதப்பட்டவை. டெல்டாவில் சாஃப்ட்வேர் வாங்குபவர் அறக்கட்டளைப் பள்ளி, அரிசி ஆலை, கிளினிக், உரக்கடை, கூட்டுறவுச் சங்கம். இதனால் என்னென்ன ஆகிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

சட்டத்தின் கண்ணில் யார் சிறியவர்

2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம்தான் இதற்கு அடித்தளம். 2025 ஏப்ரல் 1 முதல் வரம்புகள் உயர்ந்துவிட்டன. இயந்திரம், சாதனங்களில் முதலீடு இரண்டரைக் கோடிக்குள்ளும் ஆண்டு விற்றுமுதல் 10 கோடிக்குள்ளும் இருந்தால் குறு நிறுவனம். முதலீடு 25 கோடி, விற்றுமுதல் 100 கோடி வரை சிறு நிறுவனம். ஐந்தாறு பேர் மடிக்கணினியோடு உட்கார்ந்து வேலை செய்யும் இடம் எப்படிப் பார்த்தாலும் குறு நிறுவனம்தான்.

இதற்கான பதிவுக்குப் பெயர் உத்யம். ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் இணையத்தில் இலவசமாகவே செய்துகொள்ளலாம். இதற்குக் காசு கேட்கும் இணையதளங்கள் அரசுடையவை அல்ல. பதிவை வேலை ஒப்புக்கொள்வதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். பாக்கி நின்றபிறகு பதிவு செய்து பழைய பில்லுக்குச் சட்டத்தைக் காட்டினால், வழக்கு அந்த இடத்திலேயே சிக்கிக்கொள்ளும்.

இன்னொரு நுணுக்கம். சட்டத்தின் இந்தப் பாதுகாப்பு உற்பத்தியாளருக்கும் சேவை தருபவருக்கும் மட்டுமே. வாங்கி விற்கும் வியாபாரிகள் 2021 ஜூலை முதல் உத்யத்தில் பதியலாம் என்றாலும், அது வங்கிக் கடனில் முன்னுரிமை பெறுவதற்கு மட்டும். கும்பகோணத்தில் சாஃப்ட்வேரோடு சேர்த்துக் கணினி, பில் பிரிண்டர், சிசிடிவி கேமரா எல்லாம் விற்கும் கடைகளுக்கு இது முக்கியம். கேமரா விற்ற பணத்துக்கு 45 நாள் விதி வராது, சாஃப்ட்வேர் எழுதிய பணத்துக்கு வரும். இரண்டையும் ஒரே பில்லில் போட்டால் எது எது என்று பிரிக்கவே ஒரு சண்டை நடக்கும்.

15 நாளா, 45 நாளா, மார்ச் 31ஆ?

எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாள், ஆனால் எவ்வளவு நீட்டினாலும் 45ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பாங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் கூட்டுவட்டி. பாங்க் ரேட் 6 சதவீதம் என்றால் வட்டி 18. இது 2006 முதலே இருக்கிறது. சொந்த ஊர் வாடிக்கையாளரிடம் போய் யாரும் கூட்டுவட்டி கேட்பதில்லை என்பதால் இத்தனை காலம் காகிதத்திலேயே கிடந்தது.

புதிதாக வந்தது வருமான வரியில். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 43-பி பிரிவில் எச் என்ற உட்பிரிவைச் சேர்த்தார்கள். குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டியதைக் காலக்கெடுவுக்குள் தராவிட்டால், அந்தச் செலவை உண்மையில் பணம் கொடுத்த ஆண்டில்தான் கழிக்க முடியும். (2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம்; அதில் பிரிவு எண்கள் வேறு.) செலவு ஒரேயடியாகப் போய்விடாது, ஒரு வருடம் தள்ளிப் போகும். ஆடிட்டர்கள் சிலர் கிளப்பிய பீதிக்கு இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விட்டதே பாதிக் காரணம்.

பலர் கவனிக்காத ஓட்டை இதில்தான் இருக்கிறது. செலவு தள்ளிப்போவது, பாக்கி மார்ச் 31ஐத் தாண்டி நின்றால் மட்டுமே. ஜூனில் வந்த பில்லை 45 நாளில் கொடுக்காமல் அடுத்த பிப்ரவரியில் கொடுத்தாலும் இரண்டும் ஒரே கணக்கு ஆண்டு. வாங்கியவருக்கு வருமான வரியில் ஒரு ரூபாய் நஷ்டமில்லை. ஆக, வருமான வரியைப் பொறுத்தவரை 45 நாள் என்பது நடைமுறையில் மார்ச் 31தான். சம்பா அறுவடைப் பணம் புரள்வது தை, மாசியில். அதுவரை இழுத்தடிக்க விதி தாராளமாகவே இடம் கொடுக்கிறது.

அந்த மார்ச் 31கூட எல்லோரையும் தொடாது.

1. பள்ளி, கல்லூரி நடத்தும் அறக்கட்டளையின் வருமானத்துக்கு வரி விலக்கு உண்டு. விலக்கு உள்ளவருக்குச் செலவு எந்த ஆண்டில் கழிந்தால் என்ன?
2. அரசு அலுவலகமும் ஊராட்சியும் வருமான வரியே கட்டுவதில்லை. வட்டிப் பிரிவு அவற்றையும் கட்டுப்படுத்தும், ஆனால் வரிப் பயம் கிடையாது.
3. விற்றுமுதலில் இத்தனை சதவீதம் லாபம் என்று தோராயமாகக் காட்டி வரி கட்டும் சிறு கடைக்காரர் செலவுக் கணக்கே காட்டுவதில்லை. கழிக்காத செலவை யார் மறுக்க முடியும்?
4. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களின் வருமானத்தில் பெரும்பகுதிக்கு வரிக் கழிவு உண்டு. அங்கேயும் இது பெரிதாகச் சுடாது.

உத்யம் பதிவைப் பார்த்துப் பயப்படும் வாடிக்கையாளர் என்றால் அது முறையாகத் தணிக்கை நடக்கும் கம்பெனி. சென்னைக்கோ திருச்சிக்கோ வேலை செய்து தருபவருக்கு விதி உதவுகிறது. உள்ளூருக்கு வேலை செய்பவருக்குப் பெயரளவில்தான்.

18 சதவீதம் யார் தலையில்?

சேவைக்கு ஆண்டு வருமானம் 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். சாஃப்ட்வேர் சேவைக்கு வரி 18 சதவீதம். "வாடிக்கையாளர் இன்புட் எடுத்துக்கொள்வார், அவருக்குச் செலவில்லை" என்று பாடம் சொல்வார்கள். இன்புட் என்பது உள்ளீட்டு வரிக் கழிவு. தான் வாங்கியபோது கட்டிய வரியை, தான் விற்கும்போது கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது.

தான் விற்பதற்கு வரியே இல்லாதவர் எதில் கழிப்பார்? பள்ளிக் கல்விக்கு ஜிஎஸ்டி விலக்கு. மருத்துவச் சிகிச்சைக்கும் விலக்கு. மூட்டையாகப் போகும் அரிசிக்கு வரி இல்லை. 25 கிலோ வரை பையில் அடைத்து லேபிள் ஒட்டி விற்றால்தான் 5 சதவீதம். எனவே மன்னார்குடி பள்ளிக்கும், பட்டுக்கோட்டை கிளினிக்குக்கும், மூட்டை அரிசி விற்கும் ஆலைக்கும் உங்கள் 18 சதவீதம் முழுச் செலவு. ஒரு லட்சம் ரூபாய் சாஃப்ட்வேர் அவர்களுக்கு ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம். ஜிஎஸ்டி பதிவே இல்லாமல் தனியாக எழுதித் தரும் பையன் அதையே ஒரு லட்சத்துக்குத் தருவார்.

20 லட்சத்தைத் தாண்டும் ஆண்டில் ஒரு நிறுவனம் திடீரென்று உள்ளூர் வாடிக்கையாளர்களை இழப்பதற்கு இதுதான் முக்கியக் காரணம். வேலைத் தரம் குறைந்துவிட்டது என்றோ போட்டி கூடிவிட்டது என்றோ நினைத்து வருந்துவார்கள். விலையைத்தான் பார்க்க வேண்டும். 19 லட்சத்தில் இருப்பவர் அடுத்த ஆண்டு 22 லட்சத்துக்குப் போவது வளர்ச்சி இல்லை, பெரும்பாலும் இறக்கம். தாண்டுவதென்றால் இன்புட் எடுக்கக்கூடிய சில வாடிக்கையாளர்களைக் கையில் வைத்துக்கொண்டு நன்றாகவே தாண்ட வேண்டும்.

ஒரு பில், நூறு நாள்

கணக்காகப் போட்டுப் பார்த்தால் தெளிவாகும். இது ஒரு மாதிரிக் கணக்குதான், ஆனால் எண்கள் நடப்புக்குத் தூரமில்லை. ஐந்து பேர் கொண்ட ஒரு நிறுவனம், திருவாரூர் மாவட்டத்தில் ஆறு கிளை வைத்திருக்கும் உரக்கடைக்குச் சரக்கிருப்பு, விவசாயிகளின் கடன் கணக்கு இரண்டையும் பார்க்கும் சாஃப்ட்வேர் எழுதித் தருகிறது. நவம்பர் 10 அன்று பில்: 4,00,000 ரூபாய், ஜிஎஸ்டி 72,000, மொத்தம் 4,72,000.

முதலாளி நல்லவர். ஏமாற்றும் எண்ணமில்லை. "சம்பா அறுத்துக் காசு திரும்பட்டும் தம்பி, முதல் செக் உனக்குத்தான்" என்கிறார். அவர் உரமும் பூச்சிமருந்தும் கடனில் கொடுத்துவிட்டு விவசாயிக்காகக் காத்திருக்கிறார். விவசாயி கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டுவிட்டு வங்கிக் கணக்கில் பணம் ஏறக் காத்திருப்பார். வரிசையின் கடைசியில் நிற்பது சாஃப்ட்வேர்காரர். பிப்ரவரி 18 அன்று பணம் வருகிறது. நூறாவது நாள்.

இடையில் போனது:

1. நவம்பர், டிசம்பர், ஜனவரி மூன்று மாதச் சம்பளம், மாதம் 1,10,000 வீதம் 3,30,000.
2. வாடகை, மின்சாரம், இணையம், சர்வர் வாடகை மாதம் 30,000 வீதம் 90,000.
3. டிசம்பர் 20க்குள் ஜிஎஸ்டி. தன் இன்புட் 4,000 கழித்து 68,000. பில் போட்டாலே வரி கட்ட வேண்டும், பணம் வந்ததா என்று யாரும் கேட்பதில்லை.

மொத்தம் 4,88,000. வந்ததோ 4,72,000கூட இல்லை. டிடிஎஸ், அதாவது பணம் தரும்போதே வாடிக்கையாளர் கழித்துக் கட்டும் வருமான வரி, பிடிப்பார்கள். தொழில்நுட்பச் சேவை என்று பார்த்தால் நான்கு லட்சத்துக்கு 2 சதவீதம், அதாவது 8,000. தொழில்முறைச் சேவை என்று வாடிக்கையாளரின் கணக்கர் முடிவு செய்தால் 10 சதவீதம், 40,000. வருமான வரித் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம், ஆனால் அது அடுத்த ஆண்டுக் கதை. எந்த விகிதம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது 32,000 ரூபாய் பெறும்.

இந்த நூறு நாளில் வேறு வேலையும் நடக்கும், வேறு பணமும் வரும், சரி. ஆனால் இதே போல மூன்று பில் ஒரே நேரத்தில் நின்றால் டிசம்பர் 20 அன்று ஜிஎஸ்டிக்குக் கையில் இருக்காது. கட்டாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி, வரி கட்டும் மாதக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் தாமதத்துக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய். அதைவிடப் பெரிய தொல்லை, அந்த 3பி போகாமல், போட்ட பில்களைப் பட்டியலிடும் அடுத்த மாத ஜிஎஸ்டிஆர்-1 போகாது. அது போகாவிட்டால் உங்கள் அடுத்த பில் வாடிக்கையாளரின் இன்புட்டில் தெரியாது. "உங்க பில் போர்ட்டல்ல வரலையே" என்று அவர் ஆடிட்டர் பணத்தை நிறுத்துவார். பணம் வராததால் வரி கட்டவில்லை, வரி கட்டாததால் பணம் வராது. லாபத்தில் இருக்கும் நிறுவனம் மூடப்படுவது இப்படித்தான்.

ஒப்பந்தத்தை எழுதும் விதம்

வாடிக்கையாளரை மாற்ற முடியாது, பயிர்க் காலத்தையும் மாற்ற முடியாது. மாற்றக்கூடியது காகிதம்.

1. ஒப்படைப்பு எது என்று எழுதுங்கள். சட்டப்படி நாள் எண்ணுவது சேவையை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து. ஒப்படைத்த 15 நாளுக்குள் எழுத்தில் குறை சொல்லாவிட்டால் ஒப்படைத்த நாளே ஏற்ற நாள். குறை சொன்னால், அதைச் சரிசெய்த நாள். நெல் மூட்டையை எடை போட்டு இறக்கினால் முடிந்தது. சாஃப்ட்வேரில் "அந்த ரிப்போர்ட் இன்னும் சரியா வரலையே" என்று ஒரு வாக்கியம் ஆறு மாதம் ஓடும். எந்தெந்தத் திரை, எந்தெந்த ரிப்போர்ட் என்று பட்டியல் போட்டு, முடிந்த அன்று ஒரு பக்க ஒப்படைப்புக் கடிதத்தில் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். பிறகு கேட்பது புது வேலை. இந்த ஒரு பக்கத்தை எழுதக் கூச்சப்பட்டே பாதிப் பாக்கி உருவாகிறது.

2. வேலையைக் கட்டங்களாக உடையுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் ஓடும், இடையிடையே பணம் தர வேண்டிய ஒப்பந்தத்தை ஜிஎஸ்டி சட்டம் தொடர் சேவை என்கிறது. அதில் ஒவ்வொரு கட்டம் முடியும்போதும் அந்தக் கட்டத்துக்கு மட்டும் பில் போடலாம். நான்கு லட்சத்துக்கும் ஒரே நாளில் வரிச்சுமை ஏறாது. முன்பணத்துக்கும் ஜிஎஸ்டி உண்டு, ஆனால் அங்கே பணம் ஏற்கெனவே கையில் இருக்கிறது.

3. பணம் கேட்க ப்ரோஃபார்மா, அதாவது தொகையை மட்டும் சொல்லும் முன்மாதிரி பில், போதும். அதற்கு வரி கிடையாது. வரி பில்லை முதலிலேயே கொடுத்துவிட்டுக் காத்திருப்பது தேவையற்ற தியாகம். ஆனால் சேவை முடிந்த 30 நாளுக்குள் வரி பில் போட்டே ஆக வேண்டும்.

4. பொருளுக்கும் சேவைக்கும் தனித்தனி பில். காரணம் மேலே சொன்னதுதான்.

5. ஏஎம்சி எனப்படும் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்தின் தேதியை ஏப்ரல் 1 என்று பொதுவாக வைக்காமல், அந்த வாடிக்கையாளரிடம் பணம் இருக்கும் மாதத்தில் வையுங்கள்.

யாரிடம் எப்போது பணம்

அந்த ஐந்தாவது விஷயம் பார்க்கச் சின்னதாகத் தெரியும். டெல்டாவில் அதற்குள்தான் மொத்தத் தொழிலும் அடங்கியிருக்கிறது.

மேட்டூர் அணை திறக்க வேண்டிய நாள் ஜூன் 12. 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள். 2024இல் நீர் போதாமல் ஜூலை 28 வரை போனது. இரண்டுக்கும் நடுவே இரண்டு மாத வித்தியாசம். குறுவை தள்ளினால் சம்பாவும் தள்ளும், உரக்கடை வசூலும் தள்ளும், உங்கள் செக்கும் தள்ளும். சர்வர் வாடகை மட்டும் ஐந்தாம் தேதி தவறாமல் கழியும். எனவே இங்கே சாஃப்ட்வேர் விற்பவர் அணை நீர்மட்டத்தைப் பார்ப்பது பொழுதுபோக்கு அல்ல.

பள்ளிகளிடம் பணம் இருப்பது ஏப்ரல் கடைசி முதல் ஜூன் வரை. ஜவுளி, நகைக் கடைகளிடம் தீபாவளியைச் சுற்றியும், தை மாசித் திருமணங்களின்போதும். உரம், பூச்சிமருந்து, டிராக்டர் உதிரிபாகம் எல்லாம் பிப்ரவரி, மார்ச். கிளினிக், மருந்துக் கடையில் எல்லா மாதமும் கொஞ்சம். உரக்கடை சாஃப்ட்வேரில் பெயர் எடுத்தவர் இன்னும் பத்து உரக்கடை பிடிப்பதைவிட, இரண்டு பள்ளியும் நான்கு கிளினிக்கும் பிடிப்பது பணவரவை அதிகம் சமன் செய்யும். ஒரே துறையில் ஆழமாகப் போ என்று சொல்லும் தொழில் ஆலோசனை பெருநகரத்துக்குச் சரி. இங்கே ஒரே துறை என்றால் ஒரே பருவம்.

அப்புறம், 2028 மகாமகத்தை நம்பி லாட்ஜ் முன்பதிவு சாஃப்ட்வேர் எழுதலாம் என்று நினைப்பவர்கள், அடுத்தது 2040 என்பதையும் விலையில் சேர்த்துக்கொள்வது நல்லது.

ஆள், கரண்ட், கட்டடம்

இவை அதிகம் பேசப்படுவதால் சுருக்கமாக. டெல்டா வேளாண் மண்டலமாக அறிவிக்கப்பட்டதால் தொழில் தொடங்கத் தடையா என்று கேட்கிறார்கள். 2020ஆம் ஆண்டுச் சட்டம் தடுப்பது உருக்காலை, தோல் பதனிடுதல், எண்ணெய் எரிவாயு எடுப்பு போன்றவற்றை. கணினித் தொழிலுக்கு அதில் தடை எதுவும் இல்லை.

ஆள் கிடைக்காது என்பதும் முழு உண்மை இல்லை. திருவாரூர் மாவட்டத்தின் கொல்லுமாங்குடியில் தேசிக்ரூ என்ற நிறுவனம் 2007 வாக்கிலேயே கிராமத்து இளைஞர்களை வைத்துத் தரவு வேலை செய்து காட்டியது. சாஸ்த்ரா, திருச்சி என்ஐடி தொடங்கிச் சுற்றிலும் பொறியியல் கல்லூரிகள். சிக்கல், இரண்டு வருடம் பழகியவர் சென்னைக்குப் போவதில். அவர் போகும்போது நிரலும் கடவுச்சொல்லும் வாடிக்கையாளரின் குணமும் அவர் தலையிலேயே போய்விடுகின்றன. சம்பளத்தில் சென்னையோடு போட்டி போட முடியாது. எந்த வேலையும் ஒருவருக்கு மட்டும் தெரிந்ததாக இல்லாமல் பார்த்துக்கொள்ள முடியும்.

2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. தகவல் பிரதிகளை டெல்டாவுக்கு வெளியே வைப்பது, வேறு வேறு கம்பத்தில் வரும் இரண்டு இணைய இணைப்பு, இந்த இரண்டும் அடிப்படைச் செலவு. தஞ்சாவூரில் 2024 செப்டம்பரில் திறந்த மினி டைடல் பூங்கா என்ற ஐடி அலுவலக வளாகம் மின்சாரம், இணையம், வெளியூர் வாடிக்கையாளரின் நம்பிக்கை ஆகியவற்றுக்கு உதவும். உள்ளூர்ப் பள்ளிக்கு இன்புட் கிடைக்காத சிக்கலைக் கட்டடம் தீர்க்காது.

வராமலே போன பாக்கிக்கு

குறு, சிறு நிறுவனங்களின் பாக்கிக்கான அரசு இணையதளத்தில் புகார் கொடுக்கலாம். புகாரை விசாரிக்கும் வசதியாக்கக் குழு டெல்டா மாவட்டங்களுக்குத் திருச்சியில். 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, பெரும்பாலும் முடிவதில்லை. குழுவின் தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் நீதிமன்றம் போக வேண்டுமென்றால் தொகையில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். எனவே அறிவிப்பு போன கையோடு பேச்சுவார்த்தைக்கு வருபவர்கள் உண்டு. இன்புட் எடுத்த வாடிக்கையாளரிடம் இன்னொரு பிடியும் இருக்கிறது: பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் தராவிட்டால் எடுத்த இன்புட்டை அவர் வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். இதை அவருடைய ஆடிட்டருக்கு ஒரு கடிதத்தில் நினைவூட்டினால் போதும்.

எதுவும் பலிக்காமல் பணம் வராதென்று ஆகிவிட்டால், அசல் தொகையை வராக்கடன் என்று கணக்கில் எழுதி வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். கட்டிய ஜிஎஸ்டிக்கு அப்படி வழியில்லை. வாடிக்கையாளர் பணம் தரவில்லை என்பதற்காக, பில் தொகையையும் வரியையும் குறைக்கும் கிரெடிட் நோட் போட முடியாது. சேவையில் குறை இருந்தாலோ பில் தொகை கூடுதலாக இருந்தாலோதான் போடலாம், அதுவும் அந்தக் கணக்கு ஆண்டு முடிந்து வரும் நவம்பர் 30க்குள். மேலே பார்த்த உரக்கடைப் பணம் வராமலே போயிருந்தால், டிசம்பர் 20 அன்று கட்டிய 68,000 சாஃப்ட்வேர்காரர் கையிலிருந்து போனதுதான்.